அப்டேட் போட்ட மறுநாள்

ஜெயப்பிரியா: …இல்லைங்க, வைஃபை குறியவே காணோம். நேத்து அப்டேட் போட்டேன். இன்னைக்குத் தொறந்தா அந்த எடமே மொட்டையா இருக்குது.

ஜீவானந்தம்: எதுக்குப் போட்ட?

ஜெயப்பிரியா: லேப்டாப்பு கேட்டுச்சு. கேட்டா போடோணும்னு நீங்கதான சொன்னீங்க.

ஜீவானந்தம்: …செரி. ஒருக்கா ஆஃப் பண்ணி…

ஜெயப்பிரியா: நாலு தடவ பண்ணிட்டேன்.

ஜீவானந்தம்: மூடி வெச்சுத் தொறந்து பாத்தியா?

ஜெயப்பிரியா: மூடுனா அப்பறம் முழிக்கவே மாட்டேங்குது. ஃபேன் மட்டும் ரைஸ்மில்லாட்டம் ஓடுது. என்னடி சத்தம்னு அம்மா வந்து எட்டிப் பாத்துட்டுப் போறாங்க.

ஜீவானந்தம்: அந்த வேலை விண்ணப்பத்தப் போன்லயே போட முடியாதா?

ஜெயப்பிரியா: சர்டிபிகேட்டெல்லாம் போன வாரந்தான் கடையில ஸ்கேன் பண்ணி இதுக்குள்ள வெச்சேன். அஞ்சு மணிக்கு மூடிருவாங்க. இப்பவே நாலேகால்.

ஜீவானந்தம்: பதறாத ப்ரியா.

ஜெயப்பிரியா: பதறலைங்க. அலுத்துப் போச்சு. பிரிண்டர் எடுக்கல, மைக் எடுக்கல, தமிழ்ல அடிச்சா எழுத்து ஒடஞ்சு நிக்குது… விண்டோஸ எடுத்துட்டு இந்த லினக்ஸப் போட்டு மூணு மாசம். புருசன் பொண்டாட்டி பேசறதே இதப் பத்தி மட்டுந்தான்.

ஜீவானந்தம்: வேற பேச்செடுத்தா நீ போன வெச்சுடறயே.

ஜெயப்பிரியா: …இப்ப என்ன பண்ணோணும், அதச் சொல்லுங்க.

ஜீவானந்தம்: புது அப்டேட்டுதான் வைஃபையக் கெடுத்திருக்கும். பழசும் உள்ளயேதான் இருக்குது. ரீஸ்டார்ட் பண்ணு. கம்பெனி பேரு வந்ததும் எஸ்கேப் பட்டன ஒரு தட்டு.

ஜெயப்பிரியா: தட்டுனேன்… நேரா உள்ள போயிருச்சு.

ஜீவானந்தம்: மறுக்கா.

ஜெயப்பிரியா: …ஆங், கருப்புல எழுத்து வருது.

ஜீவானந்தம்: ரெண்டாவது வரி. எண்டர் குடு. நம்பர் நம்பரா வருமே, மேல இருக்கறது புதுசு. அதுக்குக் கீழ…

ஜெயப்பிரியா: ரெக்கவரின்னு இருக்குதுங்க.

ஜீவானந்தம்: அதத் தொடாத. அதுக்கும் கீழ, சின்ன நம்பரா இருக்கும்.

ஜெயப்பிரியா: குடுத்துட்டேன். சுத்துது…

ஜீவானந்தம்: …

ஜெயப்பிரியா: லைன்ல இருக்கீங்களா?

ஜீவானந்தம்: இருக்கறேன். விண்டோஸ் மெதுவா இருந்தாலும் ஓடிட்டுத்தான் இருந்துச்சு. நான் சும்மா இருந்திருக்கலாம்.

ஜெயப்பிரியா: ஆமை மாதிரி இருக்குதுன்னு நான் சொன்னது நெசந்தான். அதுக்குன்னு நான் பள்ளிக்கூடம் போயிட்டு வாரதுக்குள்ள, ஒரு வார்த்த கேக்காம மொத்தத்தையும் அழிக்கறதா? ஆறு வருசப் பாட நோட்ஸுங்க.

ஜீவானந்தம்: காப்பி எடுத்தேன், அந்த டிஸ்க்குதான் கெட்டுப் போச்சுன்னு சொன்னேனல்ல…

ஜெயப்பிரியா: ம்.

ஜீவானந்தம்: எடுக்கவே இல்ல ப்ரியா. மறந்துட்டேன். உங்கிட்டப் பொய் சொன்னேன்.

ஜெயப்பிரியா: தெரியுங்க.

ஜீவானந்தம்: …எப்பருந்து?

ஜெயப்பிரியா: அன்னைக்கே. டிஸ்க்கு டப்பாவே பிரிக்காம அலமாரியில இருந்துச்சு. நோட்ஸு போனதுக்கு அழுதேன், அவ்வளவுதான். டீச்சர் வேலையவும் விட்டுட்டு வெண்ணந்தூர்ல அம்மா ஊட்டுக்குப் பொட்டியத் தூக்கிட்டு வந்தது அந்தப் பொய்க்கு.

ஜீவானந்தம்: ப்ரியா, நான்…

ஜெயப்பிரியா: வந்துருச்சு! வைஃபை வந்துருச்சுங்க.

ஜீவானந்தம்: மொதல்ல சர்டிபிகேட்ட ஏத்து.

ஜெயப்பிரியா: ஏறுது… நிக்குது… திரும்ப ஏறுது… போயிருச்சு. விண்ணப்ப நம்பர் குடுத்துட்டாங்க.

ஜீவானந்தம்: நல்லதாப் போச்சு. …ஓசூர்ல தங்கறதுக்கு எடம் பாத்தாச்சா?

ஜெயப்பிரியா: ஓசூரா? யாரு சொன்னாங்க?

ஜீவானந்தம்: உங்கண்ணன். போன வாரம் பஸ் ஸ்டாண்டுல பாத்தேன்.

ஜெயப்பிரியா: தெரிஞ்சுட்டேதான் இத்தன நேரம் சரி பண்ணிக் குடுத்தீங்களா?

ஜீவானந்தம்: பின்ன… நீ கேட்டயல்ல.

ஜெயப்பிரியா: …நானும் ஒரு பொய் சொல்லிட்டேனுங்க. நெசத்தச் சொன்னா, திரும்ப அங்கயே போறயான்னு அண்ணன் கத்துவான். அதான் அவங்கிட்ட ஓசூர்னு சொல்லி வெச்சேன். வேலை அஸ்தம்பட்டியிலதான். நம்மூட்டுல இருந்து நடந்தே போயிக்கலாம்.