சிரித்துக்கொண்டே ஏறியவர்கள்

மேகம் மூடிய நாளில்தான் முகங்களை நன்றாகப் படமெடுக்க முடியும் என்றால் பலர் நம்பமாட்டார்கள். வெயில் கண்ணுக்குக் கீழே குழி விழச் செய்துவிடும். சிரிக்கிறவன்கூட முகம் சுளிப்பதுபோலத் தெரிவான். மழைக்கு முந்தைய வெளிச்சம் அப்படியல்ல. என் மாணவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுத்தேன். நீங்கள் கேட்டது இதை இல்லை என்று தெரியும். ஆனால் அந்தப் படத்தைப் பற்றி வேறு எங்கிருந்தும் எனக்குத் தொடங்கத் தெரியவில்லை.

சண்டைக்கு முன்னால் நான் ஜொகூர் பாருவில் விஞ்ஞான ஆசிரியன். என் பங்காளிகள் எல்லாரும் பெட்டியடியில் உட்கார்ந்து வட்டித் தொழில் செய்தபோது, சாத்தப்பன் ஒருவன்தான் சாக்பீஸ் பிடிக்கப் போனான் என்று சிரிப்பார்கள். என்னிடம் சாவி கொடுத்து ஓட்டும் சினிமா கேமரா ஒன்று இருந்தது. பள்ளி விளையாட்டு விழாக்களைப் படமெடுப்பேன். ஜப்பான்காரன் இறங்கியதும் என் மனைவி அழகம்மையையும் மகளையும் சிங்கப்பூரில் கப்பலேற்றி அனுப்பினேன். காரைக்குடி போய்ச் சேர்ந்ததாக ஒரு சேதியும் இல்லை.

ஜப்பானியர்கள் என்னை லாபிஸ் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். ரயில் பாதைக்கு அருகே பலகை வீடு. மாலை நான்கு மணிக்கு மேல் என்னிடம் பேச ஆள் கிடையாது. ஞாயிறு முடிந்து திங்கட்கிழமை வகுப்பில் வாயைத் திறந்தால் குரல் கரகரக்கும். சில நாள் ஸ்டேஷனுக்குப் போய், போகாத ஊருக்கு ரயில் எப்போது என்று விசாரித்துவிட்டு வருவேன். பதில் சொல்லும் குரலைக் கேட்பதற்காகத்தான்.

பிரசார இலாகாவைச் சேர்ந்த மோரி என்ற அதிகாரிக்கு என் கேமராவைப் பற்றித் தெரியவந்தது. பெரிய மாணவர்களுக்குப் படமெடுக்கக் கற்றுக்கொடு, பிலிம் நான் தருகிறேன் என்றார். அப்படித்தான் அந்த வகுப்பு என் வீட்டில் தொடங்கியது. ஏழெட்டுப் பேர். எல்லாரும் ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகள். செகாமட்டில் ஆங்கிலம் படித்துப் பாதியில் நின்றவர்கள்.

பிலிம் வீணாகக்கூடாது என்பதால் முதலில் வெறும் கேமராவில்தான் பழகினார்கள். அடி கிழித்த தீப்பெட்டியைக் கண்ணில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றினார்கள். எதைப் பெட்டிக்குள் வைப்பது, எதை வெளியே விடுவது என்பதுதான் பாடம். வகுப்பு முடிந்தும் போகமாட்டார்கள். மரவள்ளிக்கிழங்கு அவித்து, கருவாடு சுட்டுத் தின்போம். மனோகரன் என்ற பையன் ஜப்பானிய சிப்பாய் நடப்பதுபோல் நடந்து காட்டுவான். என் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

அவர்களில் கெட்டிக்காரி சந்திரமதி. பால்வெட்டுத் தொழிலாளி செல்லப்பனின் ஒரே மகள். வயது பதினாறு. ஒருநாள் நடந்துபோகும் ஆளை எப்படிப் படமெடுப்பது என்று கேட்டேன். மற்றவர்கள் முன்னால் நின்று என்றார்கள்.

"பின்னாடிதான் சார் நிக்கணும்," என்றாள். "முன்னாடி நின்னா அவரு நமக்காக நடப்பாரு."

எத்தனையோ வருடம் ஆசிரியராக இருந்திருக்கிறேன். அப்படி ஒரு பதிலை நான் கேட்டதில்லை. அன்று அவள் போனபிறகும் அவளிடம் பேசிக்கொண்டே இருந்தேன்.

பிறகு ஒருநாள் செல்லப்பன் வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரமாட்டார்.

"வாத்தியாரையா, புள்ளய இனிமே அனுப்ப முடியாதுங்க. ரெங்கம் பக்கத்துல ஒரு கம்பம், சின்ன மலாய் கிராமம், அங்க என் மச்சான் இருக்காரு. கிழங்கு போட்டுப் பொழச்சிக்கலாம்னு வரச் சொல்றாரு. இங்க இருந்தா சயாம்ல ரயில் ரோடு போட ஜப்பான்காரன் புடிச்சிட்டுப் போயிடுவான்லா."

"எப்போது கிளம்புகிறீர்கள்?"

"அடுத்த வாரம். மனோகரன் வீட்டுக்காரங்களும் எங்ககூட வராங்க. இன்னும் ரெண்டு மூணு குடும்பம் கேட்டிருக்கு."

நல்ல முடிவு என்றேன். உண்மையிலேயே நல்ல முடிவுதான். காப்பி கொடுத்தேன். என் மகளுக்கு நீங்கள் செய்ததை மறக்கமாட்டேன் என்று கும்பிட்டுவிட்டுப் போனார். அவர் குடித்த கோப்பையை நான் வெகுநேரம் கழுவவில்லை.

அதே வாரம் மோரி வந்தார். சயாமுக்குப் போகிறவர்களை அவருடைய ஆட்கள் எடுத்த படத்தைப் போட்டுக் காட்டினார். எல்லாரும் அழுதுகொண்டிருந்தார்கள். இதை மற்றத் தோட்டங்களில் காட்டினால் ஒருவனும் வரமாட்டான். சிரித்துக்கொண்டே போகும் படம் வேண்டும் என்றார்.

மறுநாள் வகுப்பில் பிள்ளைகளிடம், நாம் ஒரு நாடகப் படம் எடுக்கப்போகிறோம் என்றேன். சயாமுக்குப் போவதுபோல் நடிக்க ஆட்கள் வேண்டும். லாபிஸில் ரயில் ஏறிக் கையாட்டினால் போதும். அடுத்த ஸ்டேஷன் தெனாங்கில் இறங்கிவிடலாம். அங்கே ஆளுக்கொரு மூட்டை அரிசி கொடுத்து, லாரியில் திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள். அவரவர் வீட்டு ஆண்களைக் கூப்பிட்டு வாருங்கள்.

அப்போது அரிசியைப் பார்த்து எத்தனை நாளாகியிருந்தது என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் செல்லப்பன் அரிசிக்காக வரவில்லை. சந்திரமதி கெஞ்சினாளாம்: "நான்தான்பா கேமரா புடிக்கிறேன். நீங்க இல்லாம எப்படி? படம் எடுத்துட்டு ரெங்கம் போலாம்." பயணத்தைத் தள்ளிவைத்துவிட்டு வந்தார்.

அன்று காலை மேகம் அருமையாக மூடியிருந்தது. எல்லாரும் வெளுத்த வேட்டி சட்டையில் வந்திருந்தார்கள். செல்லப்பனின் மனைவி காளியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பொய்யாக அழுதாள். "ஐயோ, என்னை விட்டுட்டுப் போறீங்களே," என்று அவள் இழுத்ததும் பிளாட்பாரமே சிரித்தது. பிள்ளைகள் அவரவர் இடத்தில் சரியாக நின்றார்கள். ரயில் அசைந்தபோது செல்லப்பன் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தார்.

"புள்ள, நல்லா வருதா?"

"பேசாதீங்கப்பா. கைய மட்டும் ஆட்டுங்க."

அவர் ஆட்டினார். சந்திரமதியின் கை நடுங்கவில்லை. கடைசிப் பெட்டி வளைவில் மறையும்வரை எடுத்தாள். வேறு யாராக இருந்தாலும் அதற்குமுன் நிறுத்தியிருப்பார்கள்.

லாரி வரவில்லை. பெண்கள் மாலைவரை சாலையோரம் உட்கார்ந்திருந்தார்கள். காளியம்மா மட்டும் தெனாங்வரை நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தாள். மறுநாள் மோரியின் அலுவலகத்தில், எல்லாரும் விரும்பித்தான் சயாமுக்குப் போனார்கள், படமே சாட்சி என்றார்கள்.

சந்திரமதி என்னிடம் வந்தாள். "சார், ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதம்மா. உன்னைப்போல நானும் ஏமாந்தேன்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். என் மகள் கப்பலேறியபிறகு என்னை யாரும் தொட்டதில்லை.

யாரும் ரெங்கத்துக்குப் போகவில்லை. ஆண்கள் திரும்பி வரும்போது வீட்டில் ஆள் இருக்க வேண்டுமே என்று காத்திருந்தார்கள். அடுத்த மழைக்காலத்தில் காளியம்மா காய்ச்சலில் போய்விட்டாள். அதன்பின் சந்திரமதி என் வீட்டுக்கே வந்துவிட்டாள். மனோகரனும் பெரும்பாலும் அங்கேதான் இருந்தான். அப்பா நன்றாக இருப்பதாக மோரி சொன்னார் என்று அவ்வப்போது அவளிடம் சொல்வேன். மோரி அப்படி எதுவும் சொன்னதில்லை. அவள் அன்று கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிடுவாள், அதற்காகத்தான் சொன்னேன். படத்தை வெட்டி ஒட்டிய வேலையும் அவள்தான் செய்தாள். அப்பா கையாட்டும் துண்டைக் குறைக்க அவளுக்கு மனம் வரவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. மற்றத் தோட்டங்களில் அந்தப் படத்தைப் பார்த்து எத்தனையோ பேர் போனார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ரயில் தெனாங்கில் நிற்காது என்று எனக்குத் தெரியும். அந்த யோசனையே என்னுடையதுதான். மோரிக்கு அவ்வளவு தோன்றாது. நாடகம் என்று சொன்னால் சிரிப்பார்கள் என்று நான்தான் சொன்னேன். அவர்கூடச் சற்றுத் தயங்கினார். "உன் மாணவர்களின் குடும்பங்கள் அல்லவா?" என்று கேட்டார். அதனால்தான் நம்புவார்கள் என்றேன். செல்லப்பன் கட்டாயம் வரவேண்டும் என்பதற்காகவே கேமராவை சந்திரமதியிடம் கொடுத்தேன். நான் கேட்டது ஒன்றுதான்: பிள்ளைகளை ஏற்றக்கூடாது. மோரி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

நான் இல்லாவிட்டாலும் அவர்களைக் கொண்டுபோயிருப்பார்கள். அடித்து இழுத்துப் போயிருப்பார்கள். என் படத்தில் ஒருவர் முகத்திலும் பயம் இல்லை, நீங்களே பார்த்தீர்கள்.

சண்டை முடிந்து, போன மாதம் சயாமிலிருந்து திரும்பிய ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். ஏறியவர்களில் அவர் ஒருவர்தான் மிச்சம். தெனாங்கில் ரயில் நிற்காமல் போனபோது எல்லாரும் கதவைத் தட்டிக் கத்தினார்களாம். கூட வந்த மொழிபெயர்ப்பாளன், இது உங்கள் வாத்தியார் போட்ட நாடகம் என்று சொல்லிச் சிரித்தானாம். செல்லப்பன் முதல் வருடமே வயிற்றுப்போக்கில் இறந்துவிட்டார். வந்தவர் இதையெல்லாம் சொல்லும்போது சந்திரமதி என் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு வெளியே போனாள். நேராக விசாரணை நடத்தும் உங்களிடம்தான் வந்திருக்கிறாள்.

தன் வாக்குமூலத்தில் என் பெயரைச் சொல்லாமல் "அந்த ஆள்" என்றே சொல்லியிருக்கிறாள் என்றீர்கள். கோபம் இருக்கத்தான் செய்யும். எனக்கு அதில் வருத்தமில்லை. நான் எங்கே இருந்தாலும், தணிந்தபிறகு என்னைத் தேடி வருவாள். வேறு எங்கே போவாள்? அவளுக்கு இந்த உலகத்தில் என்னைத் தவிர யாரும் இல்லை.