ஃப்ளெக்ஸில் போட்ட கோட்டு

பாலக்கோட்டில் பஸ் ஏறியதிலிருந்து எனக்கு முன்சீட்டுப் பெண் மடியிலிருந்த துணிக்கடைப் பையைத் தடவிக்கொண்டே வந்தாள். பக்கத்தில் இருந்த அம்மாள் பைக்குள் எட்டிப் பார்த்தாள்.

“இந்த வெயில்ல யாருக்குங்க கோட்டு?”

“எம் பசங்களுக்குங்க அக்கா. கோயில் திருவிழாவுல ஒருத்தன் மிருதங்கம், ஒருத்தன் வயலின்.”

“கோட்டும் டைட் பேன்ட்டும் மாட்டிக்கிட்டு எப்படிங்க சம்மணம் போட்டு வாசிப்பாங்க? தையலு பிரிஞ்சு போயிரும். வேட்டி, காட்டன் சட்டைன்னா காத்தோட்டமா இருக்கும், பாக்கவும் எடுப்பா இருக்கும்.”

“அதத்தான் எடுத்து வெச்சிருந்தோமுங்க. ஃப்ளெக்ஸ் அடிக்கிறவன் பசங்க தலைய மட்டும் வெட்டி, கம்ப்யூட்டர்ல இருந்த கோட்டு போட்ட ஒடம்புல ஒட்டிட்டான். ஊரு பூரா கட்டியாச்சு. இப்ப வேட்டியில போனா அந்தப் பசங்கதான்னு யாரு நம்புவாங்க?”

“பொறந்ததுல இருந்து பாக்கற ஊருக்கு அடையாளம் தெரியாதாக்கும்?”

“இருந்தாலும் போட்டோவுல இருக்கற மாதிரி இருக்கணுமில்லைங்க?”

“அப்ப பசங்கள வூட்டுலயே வுட்டுட்டு, ஃப்ளெக்ஸத் தூக்கி மேடையில உக்கார வெச்சிருங்க.”

பைக்காரி மறுபடியும் பையைத் தடவினாள்.

“அது ஆகாதுங்க அக்கா. அதுல ரெண்டு பேரும் நின்னுக்கிட்டில்ல இருக்காங்க.”