நாலு வீட்டுக் கஞ்சி

கொரட்டூரில் மின்சார ரயில் ஏறி என் எதிரே உட்கார்ந்த இருவரும் ஒரே கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். மீசைக்காரர் திருநின்றவூரில் வீடு கட்டிப் போய்விட்டார். கண்ணாடிக்காரர் கொரட்டூர் ஃபிளாட்டிலேயே தனியாக இருக்கிறார். இதெல்லாம் அவர்கள் பேச்சிலிருந்தே தெரிந்தது. அவ்வளவு சத்தமாகப் பேசினார்கள்.

"எங்க ஊர்ல காய்ச்சல்னு நிம்மதியா படுக்க முடியல மச்சான்," என்றார் மீசைக்காரர்.

"இன்னா ஆச்சு?"

"போன வாரம் ஒடம்பு அனலா கொதிக்குது. கதவ சாத்திகினு படுத்துட்டேன். நாலு ஊட்லேந்து கஞ்சி வந்துச்சு."

"நல்லதுதானே?"

"சாயந்திரம் பாத்திரம் வாங்க வந்து, தொறந்து பாக்குறாங்க. எதுத்த ஊட்டு பாயம்மா, 'எங்க கஞ்சில மட்டும் ஏன் மிச்சம் கீது'ன்னு கேக்குது."

"நீ இன்னா சொன்ன?"

"இன்னாத்த சொல்றது? அது நின்னு பாக்க பாக்க, அதையும் குடிச்சேன்."

கண்ணாடிக்காரர் அம்பத்தூர் தாண்டும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் போன மாசம் காய்ச்சல்," என்றார்.

"சொல்லவே இல்லியே. யாரு பாத்துகினாங்க?"

ஆவடி வந்ததும் கண்ணாடிக்காரர் கேட்டார்: "உங்க தெருவுல ஊடு எதுனா வாடகைக்கு கீதா?"

"கீது. பாயம்மாவுக்குப் பக்கத்து ஊடு."

"பரவால்ல," என்றார் கண்ணாடிக்காரர்.