உப்பு தொடாத பம்பளிமாஸ்

பம்பளிமாஸ் உரிக்கப் பொறுமை வேண்டும், டாக்டரம்மா. தடித்த தோலைக் கீறி எடுத்த பிறகு சுளையின் மேலிருக்கும் வெள்ளைத் தோலையும் நீக்கினால்தான் கசக்காது. என் வீட்டுக்காரர் இளவரசுவுக்கு அந்தப் பொறுமை கிடையாது. அதனால் நான்தான் உரித்துக் கொடுத்தேன். அவர் ரத்தத்தில் மாத்திரை ஏன் அப்படி ஏறியது என்று இன்னும் யோசிக்கிறீர்களாம். அதற்காகத்தான் சொல்கிறேன்.

கடலூர் துறைமுகத்தில் அவர் விசைப்படகு ஓட்டினார். போனால் கடல், வந்தால் கூட்டாளிகள். பதினெட்டு வருஷத்தில் என்னிடம் அதிகம் பேசியது "சோறு போடு" என்பதுதான். கிட்னி போன பிறகுதான் எனக்குப் புருஷன் கிடைத்தார். வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குச் சிதம்பரம் போவோம். திரும்பும் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்குவார். புதுச்சத்திரம் தாண்டும்போது விழித்து, "இருக்கியா புஷ்பா?" என்பார். அந்த இரண்டு வருஷம் நான் சந்தோஷமாக இருந்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

பிறகு என் கிட்னியில் ஒன்றை அவருக்குக் கொடுத்தேன். மனசாரத்தான் கொடுத்தேன், அதில் பொய்யில்லை. அப்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னீர்கள்: "பம்பளிமாஸ் மட்டும் கூடவே கூடாதும்மா. புதுக் கிட்னிய ஒடம்பு தள்ளாம இருக்கக் குடுக்குற மாத்திரை ரத்தத்துல ஜாஸ்தியா ஏறி, வச்ச கிட்னியயே கெடுத்துடும்." தலையாட்டினேன்.

ஆறாம் மாதம் அவர் துறைமுகத்துக்குக் கிளம்பினார். கரையில் இன்ஜின் பார்க்கும் வேலையாம்.

"நானும் வரட்டா மாமா?"

"இனிமே எனக்குத் தொணைக்கு ஆளு வேணாம். நீ போயி உன் வேலயப் பாரு."

எனக்கு வேறு என்ன வேலை இருக்கிறது? அன்று முழுக்க அழுதேன்.

மறுநாள் பழம் வாங்கினேன். கிட்னிக்கு நல்லது என்றேன். சாப்பாட்டு விஷயத்தில் நான் சொன்னால் அவருக்கு மறுபேச்சு இல்லை. மிளகாய்த்தூள் தொட்டுத் தினமும் சாப்பிட்டார். உப்பு மட்டும் நான் வைக்கவில்லை. உப்பு அவருக்கு ஆகாது.

கை நடுங்க ஆரம்பித்தது. தம்ளரைப் பிடிக்க முடியவில்லை, நான் ஊட்டினேன். "புதுசா எதாச்சும் சாப்புடுறாரா?" என்று நீங்கள் கேட்டபோது இல்லை என்றேன். நீங்கள் மாத்திரையைக் குறைத்தீர்கள், நான் சுளையைக் கூட்டினேன். எல்லாம் தெரிந்தேதான் கொடுத்தேன். கொஞ்சம் படுத்தால் போதும் என்றிருந்தேன், அவ்வளவுதான்.

கிட்னி போய்விட்டது. மறுபடியும் சிதம்பரம் பஸ். இந்தத் தடவை இரண்டே மாதம்தான் கிடைத்தது.

சாவதற்கு முதல் நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நீ குடுத்தத என்னால காப்பாத்த முடியல புஷ்பா. என்ன மன்னிச்சுடு."

கண்ணைத் துடைத்துவிட்டேன். அவரை நான் மன்னித்துவிட்டேன்.