தோரணை போதலையாம்

— சாப்பாட்டு ரூம் கதவச் சாத்துங்கக்கா. கருவாட்டு வாசனை வெளிய போனா மறுபடியும் சுவத்துல நோட்டீஸ் ஒட்டிடுவாங்க. சரி, சொல்லுங்க. மேல கூப்பிட்டாங்களே, என்ன ஆச்சு?

— வார்டு மேனேஜர் வேலை கோர்ட்னிக்குப் போயிடுச்சு, மாரிவிக்.

— எந்தக் கோர்ட்னி? ஊசி போடக் கை நடுங்குதுன்னு ஸ்டோர் ரூம்ல உக்காந்து அழுதாளே, அவளா?

— அவதான். தண்ணி குடுத்து அழுகைய நிறுத்துனதே நான்தான்.

— தண்ணி மட்டுமா குடுத்தீங்க, பெர்லிதா அக்கா? அவளுக்கு வேலையக் கத்துக் குடுத்ததே நீங்கதானே! ஆண்டவரே! என்ன காரணம் சொன்னாங்களாம்?

— முதல்ல உக்காரு. சோறு ஆறுது.

— ஆறட்டும்.

— நம்ம பெரிய மேடம் மிஸஸ் ஹாலிடே சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. "நீ இல்லாட்டி இந்த வார்டே இல்ல"ன்னு என் கையக்கூடப் பிடிச்சுக்கிட்டா. ஆனா தோரணை போதலையாம். நான் ஒரு ரூமுக்குள்ள வந்தா, வந்ததே யாருக்கும் தெரியலையாம்.

— நோயாளிக்குத் தெரியுதே! ஜன்னலோரக் கட்டில் தாத்தா நீங்க வந்தாத்தானே மாத்திரைக்கு வாயத் திறக்கறாரு.

— அதெல்லாம் கணக்குல வராதாம். மீட்டிங்ல வாய் திறந்து பேசணுமாம். டாக்டர்களையே எதுத்துப் பேசணுமாம்.

— எதுத்துப் பேசலையா நீங்க? ஒரு டாக்டர் மருந்து அளவத் தப்பா எழுதினப்ப, அத்தன பேரு முன்னால "போட மாட்டேன்"னு நின்னீங்களே. ஒரு உசிரு தப்பிச்சுதே!

— அதையும் சொல்லிப் பாத்தேன். "அன்னிக்கு உன் தொனி கொஞ்சம் கடுமை, பெர்லிதா"ன்னா.

— பேசலைன்னா ஊமை. பேசினா கடுமை. நல்ல நியாயம்!

— போகட்டும் விடு. இந்தத் தோரணைக்காக முன்னாடியே ஒரு வகுப்புக்குக்கூடப் போனேன், தெரியுமா? சத்தமாச் சிரிக்கச் சொல்லிக் குடுத்தாங்க. சிக்னல்ல வண்டிய நிறுத்திட்டுத் தனியாச் சிரிச்சுப் பழகினேன். பக்கத்துக் கார்க்காரன் பயந்துபோய்க் கண்ணாடிய ஏத்திட்டான்.

— சிரிக்காதீங்கக்கா. எனக்கு அழுகை வருது. வீட்டுல டெல்ஃபின் அண்ணன்கிட்ட சொல்லிட்டீங்களா?

— எப்படிச் சொல்ல? கிடைச்சாச்சுன்னே நினைச்சுக்கிட்டு, முழுப் பன்னி சுட ஆர்டர் குடுத்துட்டாரு மனுஷன். ஞாயித்துக்கிழமை டேலி சிட்டி சர்ச் ஜனமே எங்க வீட்டுல விருந்துக்கு. பிலிப்பைன்ஸுக்குப் போன் போட்டு எங்க அம்மாகிட்ட வேற சொல்லியாச்சு.

— இத விடக்கூடாது. இந்த மாடியில பாதி நர்ஸுங்க நம்ம ஊருக்காரங்க. அமெரிக்கா வந்து எத்தன வருஷம் குனிஞ்சே நடக்கறது? எல்லாரையும் நான் கூட்டறேன். யூனியனுக்குப் போவோம். நான் முன்னால நின்னு பேசறேன்.

— நீயா?

— ஏன், நானேதான்! என்ன பண்ணிடுவாங்க?

— வேணாம்டி. எனக்கு இதுக்கு மேல தெம்பு இல்ல. இன்னொரு விஷயம் இருக்கு. கோர்ட்னி மேல போறதால ராத்திரி ஷிப்டுக்குப் பொறுப்பாளர் வேணும். யாரப் போடலாம்னு மிஸஸ் ஹாலிடே என்னையத்தான் கேட்டா.

— உங்களையா?

— "உன் வார்த்தைக்கு இங்க மதிப்பு இருக்கு"ன்னா.

— அக்கா... நானே கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. அந்த இடம் காலியானா எனக்குத்தான்னு நீங்கதான் சொல்லிட்டே இருப்பீங்க.

— சொன்னேன்.

— யார் பேரச் சொன்னீங்க?

— சாப்பிடு, மாரிவிக்.

— யார் பேரு, அக்கா?

— பிராண்டன்.

— பிராண்டனா? நேத்து வந்தவன்! அவன் ரத்தப் பைய மாத்தி எடுத்துட்டு வந்தப்ப ஓடிப் போய்த் தடுத்தது யாரு? நான்தானே? மீட்டிங்ல வாய் ஓயாமப் பேசுவான், அவ்வளவுதான். நான் எதுல குறைஞ்சு போனேன்? சொல்லுங்கக்கா. அவங்க சொல்லட்டும், நீங்களுமா?

— குறையே இல்லடி. உன்ன மாதிரி நர்ஸு இந்தக் கட்டடத்துல கிடையாது.

— அப்புறம்?

— அவ கேட்டதும் முதல்ல உன் முகம்தான் மனசுல வந்துது. அது அப்படியே, ரூமுக்குள்ள வந்தாலும் யாருக்கும் தெரியாத என் முகமா இருந்துச்சு.