முட்டுக்குத்திவிளை அன்னாசி

இதை எனக்கு முதல்ல சொன்னது எங்க மாமனார். நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த முதல் வருசம், விளைச்சலை சர்ச்சுக்குக் கொண்டுபோய்ப் படைக்கிற அறுப்பின் பண்டிகைக்கு முந்தின நாள், வாசல்ல குத்தவச்சு அன்னாசிப்பழம் சீவிக்கிட்டே சொன்னாங்க. அவங்க சொன்ன மாதிரியே சொல்றேன், கேட்டுக்கோங்க மக்களே.

ரொம்பக் காலத்துக்கு முன்னால, மலையடிவாரத்துல கல்லடிக்கோணம்னு ஒரு ஊரு. அந்த ஊர்ல லேயாள்னு ஒரு அம்மை இருந்தாங்களாம். அவங்க புருசன் பேரு தாவீதடிமை. பாகம் பிரிச்சப்ப அண்ணன்மாருக்கெல்லாம் வயலும் வாழையும் போச்சு. கடைசிப் பிள்ளை தாவீதடிமைக்குக் கிடைச்சது ஒரு கல்லு விளை, அதாவது கல்லும் மேடுமான தோட்டம். அதுல அன்னாசி மட்டும்தான் வந்துச்சாம்.

வந்து என்ன? புளிப்பு! வாயில வச்சா பல்லு கூசும். சந்தையில தாவீதடிமையோட கூடையைப் பார்த்தாலே, "புளிச்ச விளைக்காரன் வந்துட்டான், பல்லைப் பார்த்துக்கோங்க!"ன்னு சிரிப்பாங்களாம்.

புளிச்சதுக்கு ஒரு காரணம் இருந்துச்சு. வாழைக்காரங்க ஊரு இல்லையா? குலையைக் காயா வெட்டுவாங்க, குழியில வச்சு சருகு மூடி புகை போடுவாங்க, மஞ்சளா எடுப்பாங்க. அன்னாசியையும் அதே மாதிரி செஞ்சாங்க. விட்டு வச்சா முள்ளம்பன்றி தின்னுபோடும்னு பயந்து, காயா அறுத்து, புகை போட்டு, மஞ்சளா எடுத்தாங்க. வெளிய மஞ்சள், உள்ள புளி.

தாவீதடிமைக்கு வெறுத்துப் போச்சு. பெஞ்சாதிகிட்ட, "எட்டி, எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுட்டு தேயிலைத் தோட்டத்துக்குப் போயிருவோம். பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டுப் போவோம்"னாராம்.

தேயிலைத் தோட்டத்துக்குப் போன குடும்பம் எதுவும் திரும்பி வந்ததை லேயாளம்மை பார்த்ததில்ல. "கர்த்தரே, ஒரு வழி காட்டும்"னு சொல்லிக்கிட்டு விளைக்குப் போனாங்களாம்.

அங்க முள்ளம்பன்றி பாதி தின்னுபோட்ட பழம் ஒண்ணு செடியிலேயே நிக்குது. அறுக்க மறந்துபோன பழம். வாசனை அப்படி வருது! மிச்சத்துல ஒரு துண்டைக் கிள்ளி வாயில போட்டாங்க. தேன்! பக்கத்துல காய் நிக்குது, அதை முள்ளம்பன்றி தொடவே இல்ல.

ஓடி வந்து புருசன்கிட்ட சொன்னாங்க. "மண்ணுல புளிப்பில்ல! வாழைக்கு அறுத்த பிறகும் இனிப்பு ஏறும். இது அறுத்ததோட நின்னு போகுது. தோலுதான் மஞ்சளாகுது."

"முள்ளம்பன்றி எச்சியைத் தின்னுட்டு எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டா!"

"அறுப்பின் பண்டிகை வரைக்கும் விடுங்க. அப்பவும் புளிச்சா, நானே உங்க கூடச் சேர்ந்து பிடுங்குதேன்."

சரின்னாராம். ஒவ்வொரு காயையும் சுத்தி முள்ளுக்கொப்பு நட்டாங்க. தினமும் காலையில விளைக்குப் போய், செடி செடியா முட்டுக்குத்துவாங்க. முழங்கால் போடுறதை எங்க பக்கம் முட்டுக்குத்துறதுன்னுதான் சொல்லுவோம். ஏன் முட்டுக்குத்தணும்? பழம் தாழ நிக்கும். அதோட அடியை முகர்ந்து பார்க்கணும்னா மூக்கைத் தரைக்குக் கொண்டுபோகணும். மேல முகர்ந்தா ஒண்ணும் தெரியாது, அடியிலதான் முதல்ல பழுக்கும்.

அடுத்த விளை மார்த்தாள் இதைப் பார்த்துட்டா. விடுவாளா? "லேயாள் அன்னாசியைக் கும்பிடுதா! தினமும் முட்டுக்குத்திக் கும்பிடுதா!" ஊரெல்லாம் பரவி, சர்ச்சுல ஜெபம் நடத்துற உபதேசியார் காதுக்கும் போயிருச்சு. தாவீதடிமைக்கு வெட்கம் தாங்கல. பண்டிகை வரைக்கும்னு சொன்னதை மறந்து, மண்வெட்டியைத் தூக்கிக்கிட்டு விளைக்கு வந்துட்டாராம். விசாரிக்க உபதேசியாரும் அதே நேரம் வந்து நிக்காரு.

"லேயாளே, இது என்ன பழக்கம்?"

"ஐயா, கும்பிடல. முகருதேன். நீங்களும் முட்டுக்குத்திப் பாருங்க."

உபதேசியார் சிரிச்சுட்டாரு. வேட்டியைச் சுருட்டிக்கிட்டு முட்டுக்குத்தினாரு. மண்வெட்டியை ஊன்றி நின்ன தாவீதடிமை, உபதேசியாரே குத்திட்டாரேன்னு அவரும் குத்தினாராம். அந்நேரம் வழியில போனவங்க, ஜெபம் நடக்குதுன்னு நினைச்சு தலைப்பாவை எடுத்துட்டு நின்னாங்களாம், பாத்துக்கோங்க!

தாவீதடிமை மஞ்சளா இருந்த ஒண்ணைப் பிடிச்சாரு. "இது பழுத்தாச்சு."

"அது ஒரு பக்கம் வெயில் பட்ட மஞ்சள். அடியை முகருங்க, மணக்குதா? இல்லல்ல. தோல்ல இருக்கிற அந்தக் கண்ணைத் தடவுங்க, கூர்மையா முட்டுதா? அது காய். இந்தா இதைப் பாருங்க. அடியில இருந்து மஞ்சள் ஏறியிருக்கு. கண்ணெல்லாம் விரிஞ்சு தட்டையாயிருச்சு. சுண்டினா கும்முனு கேக்குது. மணம் மூக்கைத் தேடி வருது. இந்தாங்க கத்தி, அறுங்க. இன்னும் விட்டா கள்ளு வாடை வந்திரும்."

அறுத்தாரு. சீவினாரு. அந்த ஊர்ல அன்னாசின்னா உப்பும் மிளகாய்ப்பொடியும் தொட்டுத்தான் தின்பாங்க. லேயாளம்மை மடியில முடிஞ்சிருந்த உப்பை எடுக்கப் போனாங்க. தாவீதடிமை வாயில ஒரு துண்டை வச்சுக்கிட்டே கையைக் காட்டித் தடுத்தாராம்.

"எட்டி... உப்பு வேண்டாம்."

அப்புறம் மண்வெட்டியை எடுத்துக்கிட்டு நேரா வீட்டுக்குப் போனாரு. பின்னால இருந்த புகைக்குழியை மண்ணைப் போட்டு மூடிட்டாரு. தேயிலைத் தோட்டப் பேச்சு அதோட போச்சு.

அன்னையில இருந்து புளிச்ச விளைங்கிற பேரும் போச்சு. முட்டுக்குத்திவிளைன்னு ஆச்சு. வெளியூர்க்காரங்க, யாரோ பெரிய பக்தர் அங்க ஜெபம் பண்ணினாருன்னு நினைப்பாங்க. லேயாளம்மை அங்க ஜெபமும் பண்ணியிருப்பாங்க, அதுல எனக்குச் சந்தேகமில்ல. ஆனா பேரு வந்தது அன்னாசியை முகர்ந்ததுல. இப்பவும் கல்லடிக்கோணத்துல யாரும் நின்னுக்கிட்டு அன்னாசி அறுக்க மாட்டாங்க. எவ்வளவு பெரிய ஆளானாலும் முட்டுக்குத்தி, முகர்ந்துட்டுத்தான் கத்தி வைப்பாங்க.

எனக்கு இப்ப முட்டு மடங்க மாட்டேங்குது மக்களே. வாசல் ஓரத்துல அன்னாசி ஒண்ணு நிக்குது. எனக்காக நீங்க கொஞ்சம் குனிஞ்சு முகர்ந்து பார்த்துச் சொல்லுங்களேன்.