திறந்து வைத்த ஃபோல்டர்

படங்களை ஏற்றி அனுப்பும் ஸ்கிரிப்டை சர்வரில் நிறுவுவது பெரிய வித்தை ஒன்றுமில்லை, இன்ஸ்பெக்டர் மேடம். பாஸ்வேர்டை மாற்ற வேண்டும், படங்கள் போய்ச் சேரும் ஃபோல்டரை வெளியார் பார்க்காதபடி பூட்ட வேண்டும். டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

வக்கீலம்மாவுக்கு நான்தான் அமைத்துக் கொடுத்தேன். புருஷனிடம் அடிபட்டு ஒளிந்து வாழும் பெண்கள் காயங்களைப் படமெடுத்து அவருக்கு அனுப்புவதற்காக. என் தங்கையும் அவர்களில் ஒருத்தி. எங்கே இருக்கிறாள் என்று வீட்டில் எவருக்கும் தெரியாது. போனில் மட்டும் பேசுவாள்.

"நீ செஞ்சதுன்னு வக்கீலம்மா சொன்னாங்கண்ணா. அதான் தைரியமா எல்லாத்தையும் போட்டுட்டேன்."

ஒழுங்காக ஏறியதா என்று திறந்து பார்த்தேன். கழுத்தில் விரல் தடங்கள். மூடிவிட்டேன்.

செல்போனில் எடுக்கும் படத்துக்குள் எடுத்த இடமும் பதிந்திருக்கும். ஏறும்போதே அதை அழிக்க ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்க்க வேண்டும். மறந்துவிட்டேன் என்று உங்கள் ஆட்களிடம் சொன்னேன். மறக்கவில்லை.

மாப்பிள்ளை தினமும் என் ஆபீஸ் வாசலில் வந்து நின்று அழுவார். "ஒரே ஒரு தடவ பேசிட்டுப் போயிடறேன் மச்சான். கால்ல வேணா விழறேன்." கூட வேலை பார்ப்பவர்கள், "உங்க வீட்டு சீரியல் ஆரம்பிச்சிடுச்சுப்பா, போய்ப் பாரு" என்பார்கள். மானம் போயிற்று. குடும்பம் சேர வேண்டும் என்றெல்லாம் இல்லை, மேடம். அந்த வாசல் காலியாக வேண்டும், அவ்வளவுதான். சொல்ல நாக்குக் கூசுகிறது.

இடத்தை என் வாயால் சொல்லவில்லை. ஃபோல்டரின் பூட்டை எடுத்துவிட்டு, லிங்க்கை மட்டும் அவருக்கு அனுப்பினேன். மற்றப் பெண்களின் படங்களும் அதிலேதான் இருந்தன. படத்தில் இடத்தை எப்படிப் பார்ப்பது என்று கேட்டார். பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தேன்.

"நீங்க தெய்வம் மச்சான்" என்றார்.

மறுநாள் அவர் வரவில்லை. ரொம்ப நாளைக்குப் பிறகு நிம்மதியாகச் சாப்பிட்டேன். சாயங்காலம் நீங்கள் கூப்பிட்டு, உடலை அடையாளம் காட்ட வரச் சொன்னீர்கள். கழுத்தில் அதே தடங்கள். என் தங்கைதான் என்று கையெழுத்துப் போட்டேன்.

வெட்கத்தில் உங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒன்றை மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அவர் பார்த்து முடித்த கையோடு ஃபோல்டரைப் பூட்டிவிட்டேன். வயசுப் பெண்ணின் படம் கண்டவன் கண்ணில் படலாமா? கூடப் பிறந்தவன் அந்த அளவுக்காவது அவளைப் பாதுகாக்க வேண்டாமா?